குழாய் இல்லாத வீடும் சேறு படிந்த சைக்கிளும்: அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

“பதினான்காவது மாடியில் இருக்கிறேன். வீட்டுக்கு வெளியே குழாய் கிடையாது. மலைச் சைக்கிள் வாங்கினால் அதை எங்கே கழுவுவது?” கோலாலம்பூரில் சைக்கிள் வாங்க ஆசைப்பட்டு, இந்த ஒரு கேள்வியிலேயே நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர். தாராளமாக வாங்குங்கள். வாசலில் குழாயும் நீளமான ரப்பர்க் குழாயும் வைத்திருக்கும் தரைவீட்டுக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை. தண்ணீரைப் பீய்ச்சியடிக்க வசதி உள்ளவர்களின் சைக்கிள்தான் பெரும்பாலும் சீக்கிரம் கெடுகிறது.

காரணம் எளிது. சக்கரத்தின் நடுவே உள்ள ஹப், பெடல், மிதிதண்டின் அச்சு, கைப்பிடியைத் தாங்கும் கழுத்து ஆகிய எல்லா இடங்களிலும், சுலபமாகச் சுழல உதவும் சிறு குண்டுகள் கொண்ட பேரிங் இருக்கிறது. அதற்கு மேல் மெல்லிய ரப்பர்த் தடுப்பு ஒன்று உண்டு. மழையையும் தெறிக்கும் சேற்றையும் அது தாங்கும். பக்கவாட்டிலிருந்து வேகமாக அடிக்கும் தண்ணீரைத் தாங்காது. தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸை வெளியே தள்ளிவிட்டு, நுண்மண்ணை அந்த இடத்தில் விட்டுவிடும். வெளியே பளபளப்பு, உள்ளே கரகரப்பு. பத்து லிட்டர் தண்ணீரும் ஒரு பழைய கைலித் துணியும் மட்டுமே வைத்திருப்பவருக்கு இந்த ஆபத்தே கிடையாது. அவர் செய்ய வேண்டியதெல்லாம் வேலைகளை வரிசை தப்பாமல் செய்வதுதான். அந்த வரிசை வீட்டில் தொடங்குவதில்லை, காட்டு வாசலிலேயே தொடங்குகிறது.

இந்த ஊர்ச் சேறு

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் நீங்கள் அதிகம் சந்திக்கப் போவது செம்மண் களி. இங்குள்ள புக்கிட் கியாரா குன்று ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். நம்மவர்கள் மரம் சீவிய சரிவுகளில்தான் இன்று சைக்கிள் பாதைகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. பால்மரங்கள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. காய்ந்திருக்கும்போது அந்த மண்ணில் சக்கரம் சுகமாக உருளும். பிற்பகலில் ஓர் இடிமழை பெய்துவிட்டால் போதும், களி டயரில் அப்பிக்கொள்ளும். அதன்மேல் இலைச் சருகு ஒட்டும், சருகின்மேல் மறுபடியும் களி. முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இது அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாமல் நின்றுவிடுவதும் உண்டு.

பழைய ஈயச் சுரங்க நிலங்களை ஒட்டிய பாதைகளில் மணல் கலந்த சேறு இருக்கும். தட்டினாலே உதிர்ந்துவிடுவதால் இதைச் சாதுவான சேறு என்று நினைத்துவிடாதீர்கள். செயினையும், சக்கரத்தின் நடுவே சுழலும் டிஸ்க் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடையும் அரம் போட்டதுபோல் தேய்ப்பது இதுதான். களி கண்ணுக்குத் தெரிந்த எதிரி, மணல் கூடவே இருந்து குழிபறிப்பது.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பருவக்காற்று மாறும் காலம் என்பதால் மாலை மழை அடிக்கடி வரும். அந்த மாதங்களில் காலையிலேயே போய்விட்டு வருவது நல்லது. முந்தின நாள் கனமழை என்றால் ஒரு நாள் பொறுத்துப் போங்கள். ஈரக் களியில் ஓட்டினால் பாதையில் பள்ளம் விழும். அதைத் தன்னார்வலர்கள்தான் பிறகு மண்வெட்டியோடு வந்து சரிசெய்ய வேண்டியிருக்கும்.

என்னென்ன வேண்டும்

சைக்கிள் கடையில் விற்கும் விலை உயர்ந்த ‘சுத்தம் செய்யும் பெட்டி’ எதுவும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் வாங்க வேண்டியது, செடிகளுக்கு மருந்தடிக்கப் பயன்படும் 5 லிட்டர் கைப்பம்புத் தெளிப்பான். ஹார்டுவேர் கடையிலும் சுங்கை பூலோவில் வரிசையாக இருக்கும் செடிக் கடைகளிலும் கிடைக்கும். மேலே உள்ள பிடியைப் பத்துப் பதினைந்து முறை அழுத்திக் காற்றேற்றினால் மிதமான வேகத்தில் தண்ணீர் வரும். சேற்றை இளக்க அந்த வேகம் போதும். பேரிங்குக்குள் புகுவதற்குப் போதாது. நமக்கு வேண்டியதும் அதுதான். வீட்டில் ஏற்கெனவே களைக்கொல்லி அடித்த பம்பு இருந்தால் அதை எடுக்காதீர்கள், புதிதாக ஒன்று வாங்குங்கள்.

மற்றவை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும்: சிறிய வாளி இரண்டு, கார் கழுவும் மென்மையான பிரஷ், பால்புட்டி கழுவும் பிரஷ், தேய்ந்துபோன பல்துலக்கி ஒன்று. கிழிந்த பருத்திக் கைலியை நான்கைந்து துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நூல் உதிராமல் தண்ணீரை உறிஞ்ச அதற்கு ஈடு எதுவும் இல்லை. பாத்திரம் கழுவும் திரவ சோப்பு கொஞ்சம் போதும். துணி துவைக்கும் தூள் வேண்டாம். அதன் காரம் அலுமினியப் பாகங்களை மங்கச் செய்யும், கரையாத துகள்கள் பெயின்ட்டைக் கீறும்.

இரண்டு பொருள்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி. பற்சக்கர இடுக்கில் அடைத்த களியைத் தோண்ட மூங்கில் குச்சியைப் போல் வேறொன்றும் கிடையாது; இரும்பைக் கீறாது, உடைந்தால் வீசிவிட்டு அடுத்ததை எடுக்கலாம். மற்றொன்று பழைய வினைல் பதாகை. திருமணம், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், தேர்தல் என்று எதற்காவது அடித்த பதாகை யாரிடமாவது சுருண்டு கிடக்கும். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். சாமி படம் இல்லாததாகப் பார்த்து எடுங்கள், சேற்றுச் சக்கரத்தை அதன்மேல் வைக்க மனம் வராது.

படி 1: காட்டை விட்டு வெளியேறும்போதே

சேற்றில் முக்கால்வாசியைக் காட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வர முடியும். வீட்டில் நீங்கள் படப்போகும் பாடு முழுவதும் இந்தப் பத்து நிமிடத்தைப் பொறுத்தது.

பாதை முடிந்து தார்ச்சாலை வந்ததும் உடனே இறங்கிவிடாதீர்கள். கொஞ்ச தூரம் வேகமாக மிதியுங்கள். டயரில் அப்பிய மண் தானாகவே பறக்கும். வாயை மூடிக்கொள்ளுங்கள், பின்னால் யாரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஈரப் புல் இருந்தால் அதில் இரண்டு சுற்று உருட்டுவதும் பலன் தரும்.

பிறகு ஒரு சுள்ளியை ஒடித்து, ஃபோர்க்கின் வளைவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால் இரண்டு குழாய்கள் சேரும் மூலையில், சீட்டுக்கு அடியில் என்று கட்டி கட்டியாக உள்ள சேற்றை எல்லாம் தள்ளிவிடுங்கள். கத்தியோ திருப்புளியோ வேண்டாம். ஈரமாக இருக்கும்போது ஒரு தள்ளில் விழும் இந்தக் களியை, பிற்பகல் வெயிலில் காருக்குள் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டால் அப்புறம் வீட்டில் அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டியிருக்கும்.

இப்போது தண்ணீர். 1.5 லிட்டர் மினரல் வாட்டர் புட்டியில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, மூடியில் சூடேற்றிய ஊசியால் நான்கைந்து துளை போட்டுக் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். அதைச் சைக்கிள் முழுவதும் தெளித்து வீணாக்காதீர்கள். சைக்கிளின் சட்டம் (ஃபிரேம்) காத்திருக்கும். தண்ணீர் முதலில் போக வேண்டியது ஃபோர்க்கின் பளபளப்பான மேல்குழாய்களுக்கு. குண்டு குழியில் இறங்கும்போது அந்தக் குழாய்கள்தான் கீழ்க்குழாய்க்குள் போய் வருகின்றன. அவற்றின்மேல் மண் காய்ந்து ஒட்டியிருந்தால், அடுத்த முறை அழுந்தும்போது ரப்பர்த் தடுப்பைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போகும். இந்த இடத்தை உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கவே கூடாது. மண்ணோடு தேய்த்தால் கீறல் விழும், கீறல் வழியே எண்ணெய் கசியும். தண்ணீர் ஊற்றி மண்ணை ஓடவிட்ட பிறகுதான் துணி.

அடுத்தது, பின் சஸ்பென்ஷன் இருந்தால் அதன் தண்டு. ஏற்றி இறக்கும் சீட் தண்டு இருந்தால் அதுவும். பிறகு பிரேக்கின் கவ்வும் பகுதி. மிச்சம் இருக்கும் தண்ணீரைச் செயினுக்கு ஊற்றி, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். இறக்கத்தில் வந்த கையோடு பிரேக் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், விரல் சுட்டுவிடும்.

பக்கத்தில் ஓடை இருக்கிறதே, அதில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஹப்பும் மிதிதண்டின் அச்சும் தண்ணீரில் மூழ்கினால் பேரிங் கெடும். செயின் எண்ணெய் ஓடையில் கலக்கும். இரண்டுமே தேவையில்லை.

படி 2: வீடுவரை

பதாகையைக் காரின் பின்புறத்தில் விரித்து, முன்சக்கரத்தைக் கழற்றி, செயின் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். சக்கரத்தைக் கழற்றிய உடனே பிரேக் பேடுகளுக்கு நடுவில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் சொருகுங்கள். புதியவர்கள் பலருக்கு இது தெரியாது. டிஸ்க் இல்லாதபோது கை தவறிப் பிரேக்கை அழுத்தினால் இரண்டு பேடும் ஒன்றோடொன்று நெருங்கி நின்றுவிடும்; பிறகு சக்கரம் உள்ளே போகாது.

மின்தூக்கியில் ஏற்றுவதற்குமுன் சக்கரங்களைக் கறுப்புக் குப்பைப் பைகளுக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். மின்தூக்கித் தரையிலும் நடைவழியிலும் செம்மண் கோடு விழுந்தால், அடுத்த நாளே அது யார் வீட்டு வாசலில் முடிகிறது என்று நிர்வாகம் கண்டுபிடித்துவிடும்.

எங்கே கழுவுவது?

முதல் தேர்வு, கார் நிறுத்துமிடத்தில் வடிகால் அருகே உள்ள ஒரு மூலை. கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பாதுகாவலர் நம்மவர் என்றால், “அண்ணே, பத்து நிமிட வேலை. கீழே பதாகை விரித்திருக்கிறேன், சேறு தரையில் விழாது” என்று சொன்னாலே பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். நேப்பாளத்தவர் என்றால் மலாயில் இதையே சொல்லுங்கள், பதாகையையும் காட்டுங்கள். முடித்த பிறகு அந்த இடம் முன்பைவிடச் சுத்தமாக இருக்கட்டும், அடுத்த முறை அனுமதி கேட்பதே சம்பிரதாயமாகிவிடும்.

அது நடக்காவிட்டால் குளியலறை. நம் அடுக்குமாடி வீடுகளில் கழிப்பறைப் பக்கத்தில் ஒரு சிறிய கைத்தெளிப்புக் குழாய் தொங்குகிறதே, சைக்கிள் கழுவ அது வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் வரப்பிரசாதம். முழுவதும் திறக்காமல் பாதி அழுத்திப் பிடித்தால் வேகம் அளவாக இருக்கும். இரண்டு சக்கரங்களையும் கழற்றினால் சிறிய குளியலறையிலும் சட்டம் அடங்கும். தரை ஓட்டில் பெடல் இடித்துச் சில்லு பெயராமல் இருக்க ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்ளுங்கள். தரை வடிகாலின் சல்லடைமேல் கைலித் துண்டு ஒன்றைப் பரப்பி வையுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள். களிமண் குழாய்க்குள் போய்ப் படிந்தால் வெளியே எடுப்பது பெரும்பாடு. குழாய் பழுதுபார்ப்பவருக்குக் கொடுக்கும் கூலியில் பிரேக் பேட் வாங்கலாம்.

பால்கனி வேண்டவே வேண்டாம். கீழ்வீட்டு அக்கா காயப்போட்ட வெள்ளைத் துணியில் செம்மண் தண்ணீர் சொட்டினால், அதற்குப் பிறகு நீங்கள் எந்த நேரத்தில் மின்தூக்கியில் ஏறினாலும் சங்கடம்தான்.

படி 3: கழுவும் வரிசை

ஒரு வாளியில் மூன்று லிட்டர் தண்ணீர், அதில் ஒரு தேக்கரண்டி சோப்பு. மற்றொன்றில் இரண்டு லிட்டர் வெறும் தண்ணீர், பிரஷ்ஷையும் துணியையும் அலச. தெளிப்பானில் ஐந்து லிட்டர். மொத்தம் பத்து லிட்டர். நீர் விநியோகத் தடை அறிவித்த நாளில்கூட இவ்வளவு மிச்சம் பிடிக்கலாம். ஆனாலும் அன்றைக்கு வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது குடும்ப அமைதிக்கு நல்லது.

தெளிப்பானால் மேலிருந்து கீழாக லேசாக நனைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். களி தண்ணீரைக் குடித்து இளகட்டும். அவசரப்பட்டு உடனே தேய்த்தால் மண் பெயின்ட்டில் கோடு கிழிக்கும். கைப்பிடி, சீட், மேல்சட்டம், கீழ்ச்சட்டம், சக்கரம், கடைசியில் செயின் பகுதி என்ற வரிசையில் சோப்புத் தண்ணீரால் தேய்த்து வாருங்கள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: செயினின் கறுப்பு எண்ணெய் தொட்ட பிரஷ் அப்புறம் எதைத் தொட்டாலும் அங்கே கறை, பிரேக் டிஸ்க்கைத் தொட்டால் கறையோடு போகாது. ஆகவே செயினுக்கு வைத்த பல்துலக்கி செயினுக்கு மட்டும்.

பிரஷ்ஷை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீர் வாளியில் உதறி அலசிவிட்டுத்தான் சோப்பில் தோய்க்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சைக்கிளின்மேல் தேய்ப்பது சோப்பு கலந்த மணலைத்தான். பால்புட்டி பிரஷ் ஹப்பின் இடுப்புக்கும் ஃபோர்க் வளைவின் உட்புறத்துக்கும் பொருந்தும்.

அலசும்போது தெளிப்பானை மேலிருந்து பிடியுங்கள். ஹப்பின் பக்கவாட்டிலிருந்து நேராக அடிக்காதீர்கள். சோப்பு எங்கும் மிஞ்சக் கூடாது.

சேறு மெல்லிய படலமாக மட்டும் இருக்கும் நாளில் இவ்வளவும் வேண்டாம். நனைத்துப் பிழிந்த கைலித் துண்டை, தேய்க்காமல், மேலே வைத்து ஒரே திசையில் இழுத்து, துணியை மடித்து மாற்றி மாற்றித் துடைத்தால் இரண்டு லிட்டரில் முடிந்துவிடும்.

படி 4: செயின்

சைக்கிளில் சேறு உண்மையாகக் காசு பறிக்கும் இடம் இதுதான். சட்டத்தில் சேறு ஒரு மாதம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. செயினை நனைத்தபடி விட்டால், இந்த ஊர் ஈரக்காற்றில் மறுநாள் காலையிலேயே செம்பழுப்பாகத் துரு எட்டிப்பார்க்கும். ஆகவே களைப்பாக இருக்கும் நாளில் மற்றதை எல்லாம் நாளைக்குத் தள்ளுங்கள், செயினைத் தள்ளாதீர்கள்.

செயினின் கீழ்வரியை ஒரு கைலித் துண்டால் சுற்றிப் பிடித்து, மறுகையால் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். துணியில் கறுப்புக் கோடு விழும். துணியைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் சுற்றுங்கள். கோடு சாம்பல் நிறத்துக்கு வரும்வரை இதுதான் வேலை. அடுத்து, கியர் மாற்றியில் உள்ள இரண்டு குட்டிச் சக்கரங்கள். சாத்தே குச்சியின் நுனியைச் சக்கரத்தின் பக்கத்தில் லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு பெடலைச் சுற்றினால், எண்ணெயும் மண்ணும் சேர்ந்து இறுகிய கறுப்பு வளையம் அப்படியே சுருள் சுருளாக உரிந்து வரும். இதைப் பார்ப்பதில் ஒரு தனித் திருப்தி இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், விடமாட்டார்கள். பின் பற்சக்கரங்களுக்கு இடையில் துணியின் ஓரத்தை நுழைத்து இரண்டு பக்கமும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள்.

இவ்வளவுக்கும் மசியாத பிசுக்கு என்றால்தான் பிசுக்கு நீக்கும் திரவம். அதைப் பீய்ச்சாமல் பல்துலக்கியில் நனைத்துத் தேயுங்கள், பின் பிரேக் டிஸ்க் ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது. மண்ணெண்ணெயும் வேலை செய்யும். ஆனால் மாடி வீட்டுக்குள் அந்த வாடையும் தீ ஆபத்தும் எதற்கு? பிறகு அதை எந்த வடிகாலிலும் ஊற்றவும் கூடாது.

எண்ணெய் போடுவதற்குமுன் செயின் நன்றாக உலர வேண்டும். ஈரத்தின்மேல் எண்ணெய் விட்டால் தண்ணீரை உள்ளே பூட்டி வைத்ததாக ஆகும். மேசை விசிறியைச் செயினுக்கு நேராக அரை மணி நேரம் ஓடவிடுங்கள். டபிள்யூ.டி.-40 இருந்தால் துணியில் அடித்துச் செயினைத் துடைக்கலாம், தண்ணீரை விரட்டுவதற்கென்றே வந்த சரக்கு அது. ஆனால் அதையே செயின் எண்ணெயாக நினைத்து விட்டுவிடாதீர்கள். மெல்லியது, ஒரு சவாரிக்குக்கூட நிற்காது. தையல் இயந்திர எண்ணெயும் அப்படித்தான். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் சனிக்கிழமைக் குளியலோடு இருக்கட்டும். செயினில் அவை பிசுபிசுத்து மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சைக்கிள் செயினுக்கென்று விற்கும் எண்ணெயில், மழைக்கு உரிய வகையை வாங்குங்கள். உலர்ந்த நிலத்துக்கான மெழுகு வகை சுத்தமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அக்டோபர் மழை ஒன்றில் போய்விடும். செயினின் உட்பக்கத்தில், ஒவ்வொரு கண்ணியின் உருளைமேலும் ஒரு துளி. நூற்றுக்கு மேல் கண்ணிகள் இருக்கின்றன. நிதானமாகப் பெடலைச் சுற்றிக்கொண்டே விட்டால் இரண்டு நிமிடம் ஆகும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெளியே தெரியும் எண்ணெயை முழுவதும் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க்கு வேலை உருளைக்குள்ளே. வெளியே பளபளக்கும் எண்ணெய் அடுத்த வாரச் சேற்றுக்கு நீங்கள் வைக்கும் அழைப்பு.

பிரேக்

டிஸ்க்கைச் சுத்தமான தண்ணீரால் அலசி, கிருமிநாசினியாக வாங்கி வைத்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஒரு புதுத் துணியில் நனைத்துத் துடையுங்கள். செயின் துடைத்த துணி இந்தப் பக்கமே வரக் கூடாது. எண்ணெய் பட்ட பேட் கீச்சிடும், பிடிக்காது, பெரும்பாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். மணல் பாதையில் ஓட்டிய நாளில் பேடின் தடிமனையும் ஒரு பார்வை பாருங்கள். ஷிமானோ பேடுகளில் உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும்.

உலர்த்துவதும் மிச்சத் தண்ணீரும்

பின்சக்கரத்தை நான்கு விரல் உயரம் தூக்கி, பதாகைமேல் இரண்டு மூன்று முறை தட்டென்று விடுங்கள். ஒளிந்திருக்கும் தண்ணீர் சொட்டும். மிதிதண்டின் அச்சுக்கு அடியில் பல சட்டங்களில் ஒரு சிறிய வடிதுளை இருக்கும். அது களியால் அடைபட்டிருந்தால் சாத்தே குச்சியால் குத்திவிடுங்கள். சட்டத்துக்குள் தேங்கும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். துடைத்து முடித்ததும் கைப்பிடியை நாலைந்து முறை அழுத்தி ஃபோர்க்கை இறக்கி ஏற்றுங்கள். மேல்குழாயில் மெல்லிய கறுத்த வளையம் ஒன்று தெரியும். தடுப்புக்குள் ஒளிந்திருந்த மண் அது, சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி உலர்த்தும் பழக்கம் வேண்டாம். எண்ணெய்ப் பிரேக்கில் காற்றுக்குமிழி இடம் மாறி, நிமிர்த்திய பிறகு பிரேக் பிடி தொளதொளக்கலாம். அப்படி ஆனால் பிடியைப் பல முறை அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

மிச்சம் இருப்பது ஒரு வாளிச் செம்மண் தண்ணீர். அப்படியே கொட்டினால் வடிகால் அடையும். ஓரமாக வைத்தால் மண் அடியில் படியும், ஆனால் செம்மண் களி மிக நுண்ணியது, இரவு முழுவதும் கலங்கியே கிடக்கும். பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையில் கிடைக்கும் படிகாரத்தை ஒரு சிட்டிகை பொடித்துக் கலக்கினால் சீக்கிரம் தெளியும். தெளிந்த தண்ணீரை வடிகாலிலும் அடிமண்ணைக் குப்பைப் பையிலும் சேர்த்துவிட்டு, அன்றைக்கோ மறுநாளோ வாளியைக் கவிழ்த்து வையுங்கள். வாளித் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். கொசு வளர இடம் கொடுத்தால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின் கீழ் அபராதமும் உண்டு.

கார் கழுவும் கடைக்குப் போனால்

சில நாள் உடம்பு ஒத்துழைக்காது. கார் கழுவும் கடையில் கொடுத்துவிடலாம், ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். உயர் அழுத்தக் குழாயை எட்ட நின்று, மேலிருந்து, டயரிலும் சட்டத்திலும் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். ஹப், மிதிதண்டு அச்சு, கழுத்து, ஃபோர்க்கின் தடுப்பு ஆகியவற்றின் பக்கம் வரக் கூடாது. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கழுவி முடித்ததும், காருக்குச் செய்யும் அதே பழக்கத்தில், டயருக்குக் கறுப்பு மினுமினுப்புத் திரவத்தை அடிக்க வருவார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் தடுத்துவிடுங்கள். அது டிஸ்க்கில் பட்டால் பிரேக் போகும், டயரின் உருளும் பகுதியில் பட்டால் முதல் வளைவிலேயே வழுக்கும்.

சேற்றைக் குறைக்க வேண்டுமானால், ஃபோர்க்கில் கட்டும் சிறிய பிளாஸ்டிக் சேற்றுத்தடுப்பு ஒன்று வாங்குங்கள், அல்லது பழைய கோப்பின் பிளாஸ்டிக் அட்டையை வெட்டிப் பூட்டுநாடாவால் (கேபிள் டை) கட்டுங்கள். முகத்துக்கும் ஃபோர்க்கின் மேல்குழாய்களுக்கும் வரும் சேறு கணிசமாகக் குறையும். சட்டத்தின் அடிப்பக்கத்தில் கார் மெழுகு பூசி வைத்தால் களி அவ்வளவாக ஒட்டாது. டிஸ்க்குக்கு அருகே மட்டும் வேண்டாம்.

நீங்களும் கழுவிக்கொள்ளுங்கள்

காட்டுச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம். முழங்காலில் சிராய்ப்பு இருந்தால் காட்டு வாசலிலேயே சுத்தமான தண்ணீரால் கழுவி மூடுங்கள். குடிநீர்ப் புட்டியின் வாய்ப்பகுதியில் முன்சக்கரம் தெறித்த சேறு இருக்கும், மூடியுள்ள புட்டியாக வாங்குவது நல்லது. ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மருத்துவரிடம் காட்டுச் சேற்றில் சைக்கிள் ஓட்டியதைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் டெங்கியைத்தான் முதலில் நினைப்பார்.

மறுநாள் காலையில் ஒரு சிறிய சோதனை. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, காதை ஃபோர்க்கின் அருகே வைத்துக் கேளுங்கள். பின்சக்கரத்துக்கும் அப்படியே. பேட் டிஸ்க்கில் லேசாக உரசும் சத்தம் பெரும்பாலும் சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது கோணல் விழுந்ததால் வருவது. கழற்றி நேராக மாட்டினால் போய்விடும். ஹப்பிலிருந்தே கரகரவென்று சத்தம் வந்தாலோ, மிதிதண்டை ஆட்டும்போது பக்கவாட்டில் அசைந்தாலோ, எவ்வளவு துடைத்தாலும் பலன் இல்லை. பேரிங்கைப் பிரித்துப் பார்க்கக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.